பின் சீட்டுக் காவல்

யோந்தோன் செய்த தப்பு, அந்தப் பேட்டரியை வாங்கியதல்ல. வாங்கிய அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததுதான்.

"கடைய நடத்துறது ஒரு பொம்பள, தெரியுமா? அவ்வளவு பெரிய பேட்டரிய ஒத்த ஆளாத் தூக்கி உள்ள வச்சுட்டா. என்ன கை அது, அப்பப்பா" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டெலும்பைக் கடிக்கப் போனான்.

மனைவி ஹாந்தாவின் கையிலிருந்த கரண்டி சூப்புச் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பேரு என்ன அவளுக்கு?"

"செவ்ஜித்."

"ஓ. பேரு வரைக்கும் கேட்டாச்சு."

யோந்தோனுக்கு அப்போதுதான் உறைத்தது. எலும்பைக் கீழே வைத்தான். ஆனால் விட்ட வார்த்தையை எப்படி அள்ளுவது? அந்தச் செவ்ஜித்துக்கு வயதாகிவிட்டது என்றான். குண்டு என்றான். பல் இல்லை என்று சொல்லவும் வாய் வந்தது, பல்லைக்கூடப் பார்த்தாயா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் விழுங்கிக்கொண்டான். அன்றிரவு ஹாந்தா அவனுக்கு முதுகு காட்டிப் படுத்தாள். புதுப் பேட்டரி வந்த சந்தோஷம் அந்த வீட்டில் சூப்பு ஆறும் வரைகூட நீடிக்கவில்லை.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், நிலக்கரிப் புகைக்கு நடுவே, பலகை வேலி போட்ட வீடு அவர்களுடையது. ஒரே மகள் கல்யாணமாகி தெற்கே சுரங்க ஊருக்குப் போய்விட்டாள். யோந்தோனிடம் ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துவிட்ட, பெட்ரோலிலும் பேட்டரியிலுமாக ஓடுகிற ஒரு பழைய ஹைப்ரிட் கார் இருந்தது. ஊரில் பாதிப் பேரிடம் அதே கார்தான். ஓரத்தில் நின்று கையை நீட்டினால் எந்தக் காரும் டாக்ஸியாகிவிடுகிற ஊர் என்பதால், அதை வைத்துப் பிழைப்பு ஓடியது. இலையுதிர் காலத்தில் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெரிய பேட்டரி உயிரை விட்டது. கிழக்கே கார்ச் சந்தைக்குப் போய் வேறொன்று வாங்கிப் போட்டான். வந்த வினை அதுதான்.

ஹாந்தாவின் பொறாமையைப் பற்றி ஊர் வேறு மாதிரி பேசும். நான் நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் புருஷன் மேல் சந்தேகம் இல்லை. பெண்கள் மேல்தான் சந்தேகம். உலகத்தில் இருக்கிற பெண்களெல்லாம் யோந்தோனை எப்போது தூக்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருப்பதாக அவள் மனப்பூர்வமாக நம்பினாள். யோந்தோனை ஒரு தரம் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். முன் மண்டை வழுக்கை, வளைந்த கால், பேசும்போது இடக்கண் தானாகத் துடிக்கும். ஆனாலும் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண் வந்தால் ஹாந்தா பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். அதனால் அந்த வீட்டில் நாளைக்கு எவ்வளவு குளிரும் என்பது யாருக்கும் தெரியாது. வாசலுக்கு வந்து மூக்கு மரத்த பிறகுதான் தெரியும்.

இதற்கெல்லாம் ஒரு மூலம் இருந்தது. அல்தாய்ப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது, அவளுடைய அப்பா தேயிலையும் மாவும் வாங்கிவரத் தாலுகா ஊருக்குப் போனார். மாவு வந்தது, வேறொருவர் வண்டியில். அப்பா வரவில்லை. மாவு விற்ற கடைக்காரியோடேயே தங்கிவிட்டார். ஹாந்தா விடுதியில் தங்கிப் படித்த பள்ளிக்கூடம் அந்தக் கடைக்கு எதிரே. ஒவ்வொரு நாளும் அவர் தராசில் மாவு நிறுப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் எழுத்துப் படித்தாள். ஒரு நாளும் உள்ளே போகவில்லை, ஒரு மிட்டாய்கூட வாங்கவில்லை. அதனால் 'கடைய நடத்துறது ஒரு பொம்பள' என்று யோந்தோன் சொன்னது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் சாயங்காலமே காவல் தொடங்கிவிட்டது.

ஹாந்தாவுக்கு ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் வேலை. வசந்தத்தில் வெள்ளாட்டைச் சீவியெடுக்கிற அடிமயிர் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். வெளிநாட்டுக் கடைகளில் கேஷ்மியர் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அதன் ஆரம்பம் அதுதான். நீள மேசையில் பெண்கள் உட்கார்ந்து, வெள்ளை தனி, சாம்பல் தனி, பழுப்பு தனி என்று பிரித்து, முரட்டு முடியைப் பொறுக்கிப் போடுவார்கள். ஹாந்தாவின் விரல் அந்த மேசையிலேயே பேர் போனது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, எந்தச் சீமை ஆடு என்று சொல்லிவிடுவாள். வேலை விட்டு வரும்போது அவள் கோட்டிலும் தலைத்துண்டிலும் புருவத்திலும்கூட மயிர் அப்பியிருக்கும்.

முன்பெல்லாம் பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள். இப்போது தொழிற்சாலை வாசலில் யோந்தோன் வந்து நிற்க வேண்டும். அவள் ஏறி, அவன் கடைசிச் சவாரியை இறக்கும் வரை கூடவே சுற்றுவாள். காலெல்லாம் வலிக்கிறது, பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்று காரணம் சொன்னாள். ஏறியது முன் சீட்டில் அல்ல. ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஜப்பான் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஊரிலும் வலப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆகவே நடைபாதையில் கையை நீட்டுகிறவளுக்கு முதலில் கிட்டுவது ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கதவு. அந்தக் கதவை ஹாந்தா அடைத்துக்கொண்டாள். யாராயிருந்தாலும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் முன்னால் ஏற வேண்டும். அங்கே உட்கார்ந்தால் அவர்களுடைய பக்கவாட்டு முகமும், சிரிப்பும், கை எங்கே இருக்கிறது என்பதும் பின்னாலிருந்து தெளிவாகத் தெரியும்.

ஏறி உட்கார்ந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து உதறுவாள். கோட்டைக் கழற்றி இன்னொரு உதறு. பிறகு கோட்டைத் தொடைப் பக்கத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு பார்வையை முன்னால் நிறுத்துவாள். சீட்டோரத்தில் ஏதோ மெலிதாக இரைந்துகொண்டே இருக்கும். ஹீட்டராக இருக்கும் என்று விட்டுவிட்டாள். இரைச்சலைக் கேட்கவா அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

பின்னால் ஒரு பொம்பளை உறைந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சில பேர் ஏறாமலே கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அதையும் யோந்தோன் பொறுத்துக்கொண்டான்.

பனி இறுகிய கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஓட்டுநர் முன்னால் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. வண்டி இழுவை இல்லாமல் தவழ்ந்தது. பின்னால் நின்றவர்களெல்லாம் ஹாரனை அழுத்தினார்கள். மறுநாள் காலை வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பியது. யோந்தோன் சந்தைக்குப் போய்வந்து, பேட்டரியின் செம்புப் பட்டையில் பச்சை பிடித்திருந்ததாம், செவ்ஜித் சுரண்டிவிட்டாள் என்றான். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடி விளக்கு. மறுபடி சந்தை. ஒரு செல் மற்றதோடு ஒத்துப்போகவில்லையாம், மாற்றினாள் என்றான். இரண்டு தடவையும் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். ஹாந்தா அவனுடைய கோட்டை ஆணியில் மாட்டுவது போலக் கையில் வாங்கி முகர்ந்தாள். டீசல் வாசனை, உலோக வாசனை, அதோடு எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்தின் வாசனை. சாப்பாடு வேறு நடக்கிறதா?

இதைத் தொழிற்சாலையில் பக்கத்து மேசைப் பூஜியிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. பூஜி இரண்டு புருஷனை விரட்டிவிட்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பவள். இந்த விஷயங்களில் அவளுக்கு அபார மூளை.

"அட அசடே" என்றாள் பூஜி, மயிரைப் பிரித்துக்கொண்டே. "எந்தக் கடக்காரியாவது நல்ல பேட்டரிய விப்பாளா? நல்லதக் குடுத்தா ஆளு திரும்பி வருவானா? கொஞ்சம் பழுதா ஒண்ணக் குடுக்கணும். அது அப்பப்ப நிக்கணும். அவன் அப்பப்ப ஓடி வரணும். அது பேட்டரி இல்லடி, கயிறு."

ஹாந்தாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று? சாயங்காலத்தை அடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கைகாரி காலையைப் பிடித்துவிட்டாள். இவள் தொழிற்சாலையில் குனிந்து மயிர் பொறுக்குகிற நேரத்தில், அங்கே தேநீரும் பொரித்த பண்டமும் பேச்சும் நடக்கிறது. அன்று முழுக்க வெள்ளையைச் சாம்பலோடு கலந்து வைத்து மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள். வேலைக்கு வந்த நாள் முதல் அவள் வாங்கிய முதல் திட்டு அது.

அதற்குப் பிறகு விளக்கு எப்போது எரியும் என்று அவளே காத்திருந்தாள். வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பண்டிகைக்காகப் பிடித்த இறைச்சிக் கொழுக்கட்டைகள் வெளித் தாழ்வாரத்தில் பலகை பலகையாக உறைந்து கிடந்தன. அப்படி ஒரு சாயங்காலம், பாலத்தின் மேல், முக்கோணம் மறுபடி சிவந்தது.

"நாளைக்குச் சந்தைக்குப் போறேன்" என்றான் யோந்தோன், கழுத்தைத் திருப்பாமல்.

"நானும் வர்றேன்."

"உனக்கு வேலை இருக்கே."

"லீவு."

"அங்க ரொம்பக் குளிரும், கிழவி."

"உனக்குக் குளிரல இல்ல?"

அவள் மனத்தில் எல்லாம் தீர்மானமாகியிருந்தது. நாளைக்கு அந்தப் பேட்டரியைப் பிடுங்கி செவ்ஜித்தின் கடை வாசலிலேயே போட்டுவிட வேண்டும். பழுதுச் சரக்கை விற்றவள் என்று சந்தையே கேட்கச் சொல்ல வேண்டும். அந்தக் கடையின் பக்கம் இவன் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு நாள் மாவு மட்டும் வேறொருவர் வண்டியில் வீட்டுக்கு வரும்.

காலையில் அவள் வேலைக் கோட்டைத் தொடவில்லை. பண்டிகைக்கென்று தைத்து வைத்திருந்த நீலப் பட்டு தேல் அங்கியை எடுத்து உடுத்தினாள். இடுப்பில் மஞ்சள் கச்சை, தலையில் நரித்தோல் தொப்பி, காதில் மாமியார் கொடுத்த பவழம். யோந்தோன், இரவுக் குளிருக்காக வண்டியின் முன்மூடி மேல் போர்த்தியிருந்த கம்பளிப் போர்வையை உருவிக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தான். கல்யாணத்துக்கா போகிறோம் என்று கேட்க நினைத்திருப்பான். கேட்கவில்லை. அவள் வழக்கம்போல அவனுக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சந்தையில் சரக்குப் பெட்டகங்களே கடைகள். வரிசை வரிசையாக, ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் கதவு, ஒன்றில் வெறும் விளக்குகள். கடைசி வரிசையில் வாசலில் பழைய பேட்டரிகளை அடுக்கிய பெட்டகத்துக்கு முன்னால் யோந்தோன் வண்டியை நிறுத்தினான். உள்ளேயிருந்து செவ்ஜித் வந்தாள்.

ஹாந்தா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். குட்டையான உருவம், அகன்ற தோள், குளிரில் வெடித்துக் கறுத்த கன்னம். ஆண்கள் போடுகிற பஞ்சுக் கால்சட்டை, அதில் முழங்காலில் ஒட்டு. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் ஹாந்தாவைப் பயமுறுத்தியது. அழகியாக இருந்திருந்தால் பயமில்லை, அழகு நாலு நாளில் சலித்துவிடும். அழகே இல்லாத ஒருத்தியை ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் நினைத்துப் பேசுகிறான் என்றால், அது வேர் பிடித்த விஷயம். அப்பாவைக் கொண்டுபோன கடைக்காரியும் அழகி இல்லை. அதுவும் இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

"வாங்க அக்கா, உள்ள அடுப்புக்கிட்ட வாங்க" என்று செவ்ஜித் உப்புத் தேநீரை இரண்டு கையாலும் நீட்டினாள். மறுக்க முடியாது, மறுத்தால் மரியாதைக் குறைவு. ஹாந்தா கிண்ணத்தை வாங்கி, உதட்டில் ஒற்றி, கீழே வைத்துவிட்டாள். பக்கத்துத் தட்டில் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள் இருந்தன. அதையும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

பேட்டரி கெட்டது, திரும்ப எடுத்துக்கொள் என்று ஹாந்தா நேராகவே சொன்னாள். செவ்ஜித் கோபப்படவில்லை. பார்த்துவிடலாம் என்று தோள் வரை வருகிற ரப்பர் கையுறையை மாட்டினாள். பின் சீட்டை மடக்கி, ஆரஞ்சு நிறப் பிடி ஒன்றைத் திருகி உருவி, மின்சாரத்தைத் துண்டித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடியைத் திறந்தாள். செல்கள் ரொட்டித் துண்டு மாதிரி நெருக்கமாக அடுக்கியிருந்தன. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். நடுவில் ஒன்று மட்டும் லேசாக வயிறு உப்பி, எண்ணில் பின்தங்கியிருந்தது.

"இது ஒண்ணு போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. இதுவும் தானாப் போகல, சூட்டுல போயிருக்கு."

"இந்தக் குளிருல சூடு எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டாள் ஹாந்தா.

செவ்ஜித் வாயைத் திறந்தாள். திறந்தவள், யோந்தோனைப் பார்த்தாள். யோந்தோன் தலையை மிக மிக லேசாக, வேண்டாம் என்பது போல அசைத்தான். செவ்ஜித் வாயை மூடிக்கொண்டாள்.

இதை ஹாந்தா பார்த்துவிட்டாள்.

கண்ணால் பேசுகிறார்கள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் உப்பு கேட்பதற்குக்கூட வாயைத் திறக்கிறவன், இவளிடம் கண்ணால் பேசுகிறான். இவளுக்கும் அது புரிகிறது. பூஜி சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அழுதுவிடக் கூடாது, இவள் முன்னால் மட்டும் அழுதுவிடக் கூடாது என்று பவழத் தோட்டைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"என்ன அது, எனக்குத் தெரியக் கூடாதது? உள்ள எது இருந்தாலும் இப்பவே திற. என் முன்னாடி திற."

"வேணாம் செவ்ஜித்" என்றான் யோந்தோன் அவசரமாக. "அவ சொல்ற மாதிரியே பேட்டரிய எடுத்துக்கோ. நாங்க வேற எடத்துல பாத்துக்குறோம். இனிமே வரல."

ஹாந்தா கேட்க வந்ததே இதைத்தான். ஆனால் இப்போது அது காதில் ஏறவில்லை. "திற" என்றாள் மறுபடி.

செவ்ஜித் பெருமூச்சு விட்டு, சீட்டோரத்தில் இருந்த பிளாஸ்டிக் சல்லடையை நெம்பி எடுத்தாள். ஹாந்தா தினமும் சாய்ந்து உட்கார்கிற அதே இடம். அதற்குப் பின்னால் ஒரு குழாய், குழாயின் முடிவில் பேட்டரியைக் குளிர்விக்கிற சின்ன விசிறி. அதைக் கழற்றி வெளியே எடுத்து, ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

விசிறியின் இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், தடிமனாக, மெத்தென்று ஒரு திரை அதைச் சுற்றிப் படிந்திருந்தது. செவ்ஜித் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது அது பூட்ஸுக்குள் போடுகிற கம்பளி உறை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. இப்படி மூச்சை அடைத்தால் எந்தப் பேட்டரி பிழைக்கும்?

ஹாந்தாவின் கை தானாக நீண்டது. மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பழுப்பு. அல்தாய்ப் பக்கத்து ஆடு. முரட்டு முடி ஒன்றுகூட இல்லை, நீளம், நயம். இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் மேசைக்கு வந்த மூட்டை. வேறு யார் மேசைக்கும் போகாத மூட்டை.

கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்துப் பெட்டகத்தில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாந்தாவுக்குத் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. குப்பையை உள்ளே வைத்தே விற்றிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யோந்தோன் ஆமாம் போட்டுவிடுவான், வீட்டில் அமைதி கிடைக்குமென்றால் பனி கறுப்பு என்றுகூட ஒப்புக்கொள்கிற ஆள். பேட்டரி இறங்கிவிடும். இந்தக் கடையோடு எல்லாம் முடிந்துவிடும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் கை நீட்டுகிற தூரத்தில் இருந்தது.

அப்போது செவ்ஜித், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இது ஒண்ணுமில்ல அக்கா. டாக்ஸிதானே, யார் யாரோ ஏறுவாங்க. ஏதாவது நாய் முடியா இருக்கும்."

ஹாந்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டேதான் சொல்கிறாள். தனக்கு மானம் போகாமல் இருக்கட்டும் என்று இவள் பிச்சை போடுகிறாள். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். ஆனால் நாய் முடியா?

"நாய் முடியா இது?" என்றாள். "தொட்டுப் பாரு. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு. அல்தாய் ஆட்டு அடிமயிர். முதல் தரம். இதப் போயி நாய் முடிங்குற. என் கையால பிரிச்சது இது. என் கோட்டுலேர்ந்து போனது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகத்தை நரித்தோல் தொப்பிக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கு நடுவிலேயே இன்னொன்றும் தைத்தது. செவ்ஜித்தின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. யோந்தோனின் முகத்திலும் இல்லை.

"முன்னாடியே தெரியுமா, ரெண்டு பேருக்கும்?"

"முதல் தடவையே தெரியும் அக்கா. ரெண்டு தடவையும் இதத்தான் சுத்தம் பண்ணி அனுப்பினேன். அக்காவ முன் சீட்டுல உக்காரச் சொல்லுங்கன்னு அப்பவே சொன்னேன்."

செம்புப் பட்டையில் பச்சை. ஒத்துப்போகாத செல். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்ன பொய்கள். ஹாந்தா அடிவயிற்றிலிருந்து கேட்டாள்.

"என்னை வச்சு ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?"

"நான் சிரிச்சேன்" என்றாள் செவ்ஜித். "பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் சிரிக்கல."

ஹாந்தா புருஷன் பக்கம் திரும்பினாள். அவனுடைய இடக்கண் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

யோந்தோன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைச் சொறிந்தான். "எப்படிச் சொல்ல? கடையில ஒருத்தி இருக்கா, உன் பொண்டாட்டிய எந்தச் சீட்டுல உக்கார வைக்கணும்னு அவ சொல்லி அனுப்பினான்னு வந்து சொல்லவா? என்னைய உசுரோட விட்டுருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டாள். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஹாந்தா, உதட்டில் ஒற்றிவிட்டு வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தை எடுத்து, ஆறிப் போயிருந்ததை அப்படியே குடித்தாள். செவ்ஜித் ஒன்றும் நடக்காதது போல உப்பிய செல்லை உருவி, அடுக்கிலிருந்து வேறொன்றை அளந்து எடுத்துப் பொருத்தி, விசிறியைத் துடைத்து மாட்டி, பேட்டரியை மூடினாள். ஒற்றை ஆளாக, சீட்டை ஒரு கையால் தூக்கி இடத்தில் வைத்தாள். நிஜமாகவே நல்ல கைதான். ஹாந்தா அதை மனத்துக்குள் ஒப்புக்கொண்டாள், ஒப்புக்கொண்டதற்காக இன்னும் கொஞ்சம் எரிந்தாள். கிளம்பும்போது அந்தப் பழுப்பு மயிரைச் செய்தித்தாளோடு சுருட்டி தேலின் மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். அதை அங்கே விட்டுவர அவளுக்கு மனம் இல்லை.

பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறினாள்.

சந்தை வாசல் தாண்டும் வரை பக்கக் கண்ணாடியில் செவ்ஜித் நிற்பது தெரிந்தது. அவள் மறையும் வரை ஹாந்தா கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன் சீட்டிலிருந்து எல்லாமே புதுசாக இருந்தது. யோந்தோனின் முகம் தெரிந்தது. இத்தனை நாள் அவள் பார்த்துக்கொண்டு வந்தது அவனுடைய பிடரியை. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. இது எப்போது ஆயிற்று?

முன் கண்ணாடிக்கு மேலே, நீலப் பட்டுத்துணி கட்டிய பின்னோக்குக் கண்ணாடி ஒரு மாதிரிக் கோணலாகத் தொங்கியது. சாலையைக் காட்டுகிற நிலையில் அது இல்லை. கீழே சாய்ந்து, ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டை நோக்கித் திரும்பியிருந்தது.

"இது ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும் உனக்கு?"

"வண்டி தெரியாது" என்றான் யோந்தோன்.

"அப்புறம்?"

"பின்னாடி யாரு உக்காந்திருந்தா?"

ஒவ்வொரு சாயங்காலமும் அவன் பிடரியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் காவல் காத்துக்கொண்டிருந்தபோது, அவன் இந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவளைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். துண்டை உதறுவதையும், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வதையும், கடைசிச் சவாரியில் அவள் தூங்கி விழுவதையும் பார்த்திருக்கிறான். அவளுக்கு மூக்கு அடைத்தது. குளிர் என்று சொல்லிச் சிந்திக்கொண்டாள்.

மணிக்கூண்டுத் திருப்பத்தில் ஒரு பெண் கையை நீட்டினாள். இளம் வயது, சிவப்புத் தொப்பி, உதட்டில் சாயம். யோந்தோன் வண்டியை மெதுவாக்கி, நிறுத்தவா போகவா என்று பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நிறுத்து. பொழப்ப விடுவாங்களா?"

அந்தப் பெண் நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்து, ஹாந்தாவின் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிவிட்டுக்கொண்டாள். யோந்தோன் கியரைப் போட்டான். ஹாந்தா கையை உயர்த்தி, நீலத்துணி கட்டிய கண்ணாடியைப் பிடித்து, பின்னால் வருகிற வண்டிகள் நன்றாகத் தெரிகிற மாதிரி, கறாராக மேலே திருப்பிவைத்தாள்.

"இனிமே ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.